கைமருந்தும் அதன் எல்லையும்: வீட்டு நாய், பூனை பராமரிப்பு

மனிதனோடு கூடிவாழத் தலைப்பட்ட விலங்குகளுள் முதன்மையானது நாய். பசுவும் ஆடும் பட்டிக்கு வருமுன்னரே, உழவுத்தொழில் தோன்றுமுன்னரே, நாய் வேடனின் துணையாகிவிட்டது என்பது ஆராய்ச்சியாளர் கண்ட முடிபு. பூனையின் வரவு அதற்கு மிகப் பிந்தியது. மனிதன் தானியத்தைக் குவித்து வைக்கத் தொடங்கியபோது எலி வந்தது. எலியைத் தேடிப் பூனை வந்தது. நட்பின் இயல்பை விளக்க வந்த நாலடியார், யானையையும் நாயையும் ஒருங்கு வைத்து நோக்கி, நாய் போன்றாருடைய கேண்மையே கொள்ளத்தக்கது என்று கூறுகிறது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே ஒழுங்கைக்கு ஒழுங்கை கோயில் கொண்டிருக்கும் வைரவருக்கு வாகனமாவதும் நாயே.

இவ்வாறு இலக்கியத்திலும் சமயத்திலும் இடம்பெற்ற பிராணி, நம் வீடுகளிலே எத்தகைய பராமரிப்பைப் பெறுகின்றது? பெரும்பாலான வீடுகளில் எஞ்சிய சோறு கோடிப்புறத்தில் ஒரு பழைய சட்டியில் வைக்கப்படுகிறது. நாய்க்கு நோய் வந்தால், கழிவு எண்ணெயைப் பூசு என்பார் ஒருவர். கர்ப்பூரத்தைப் பொடித்துப் போடு என்பார் மற்றொருவர். மனிதருக்குக் கொடுக்கும் மாத்திரையில் பாதியைக் கொடு என்பார் இன்னொருவர். இவை யாவும் அன்பினாற் சொல்லப்படுவனவே. ஆயினும், அன்பினாற் கொடுத்தாலும் நஞ்சு நஞ்சுதான். எனவே, வீட்டிலே செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது, மிருக வைத்தியரிடம் போகவேண்டிய நேரம் எது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

கைமருந்துக்கு ஓர் எல்லை உண்டு. கழுவுதல், குளிர்வித்தல், நீர் புகட்டுதல், ஓய்வு கொடுத்தல், பத்தியமாக உணவளித்தல் ஆகியவை வீட்டாரின் கைக்கு அடங்கியவை. உடம்பினுள்ளே புகுந்துவிட்ட கிருமியை அழித்தலும், முறிந்த எலும்பைப் பொருத்துதலும், நஞ்சை முறித்தலும் வைத்தியருக்கு உரியவை. இந்த எல்லையை மனத்திற் பதித்துக்கொண்டால் பல உயிர்கள் பிழைக்கும்.

நோயை அறிவதற்கு முன் நலத்தை அறிதல் வேண்டும். நாயினதும் பூனையினதும் உடல் வெப்பம் மனிதருடையதிலும் சற்றுக் கூடியது. 38 முதல் 39 பாகை செல்சியசு வரை இருத்தல் இயல்பே. ஆதலாற் கையை வைத்துப் பார்த்து, ‘மேல் சுடுகிறது’ என்று முடிவுசெய்தல் பிழையாகும். மூக்கு ஈரமாயிருந்தால் நலம், உலர்ந்திருந்தால் காய்ச்சல் என்ற நம்பிக்கையும் உறுதியானதன்று. நன்றாக உறங்கியெழுந்த நாயின் மூக்கும் உலர்ந்தே இருக்கும். இவற்றிலும் நம்பத்தக்க அடையாளங்கள் சில உள. உதட்டை உயர்த்தி முரசைப் பார்த்தால் அது இளஞ்சிவப்பாக இருத்தல் வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தக் குறைவு. மஞ்சளாயிருந்தால் ஈரல் நோயோ இரத்தம் சிதைதலோ உண்டெனலாம். பிடரித் தோலைக் கிள்ளி உயர்த்தி விட்டால் அது உடனே பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். மெல்ல மெல்ல இறங்குமாயின் உடம்பில் நீர் வற்றியுள்ளது. உறங்கும் வேளையில் நிமிடமொன்றுக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு வாங்குமாயின் அதுவும் வைத்தியருக்குச் சொல்லவேண்டியதொன்றே.

இனி, உணவைப் பார்ப்போம். நாய் இறைச்சியும் தின்னும், சோறும் தின்னும். மீனோ முட்டையோ இறைச்சியோ கலந்த சோறும், அவித்த பூசணி, கரட் முதலிய மரக்கறியிற் சிறிதும் அதற்குப் போதிய உணவாகும். பூனையின் நிலை வேறு. அது முழுக்க முழுக்க ஊனுண்ணும் பிராணி. கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய ‘டோரின்’ என்னும் சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு ஆக்கிக்கொள்ளமாட்டாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே அது பெறவேண்டும். சோற்றையும் பாலையும் மட்டும் கொடுத்து வளர்க்கப்படும் பூனை நாளடைவிற் பார்வை குன்றி, இதயம் தளர்ந்து மெலிவதற்கு இதுவே காரணம். பூனைக்குப் பால் மிகவும் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால், வளர்ந்த பூனைகளிற் பலவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் குறைந்துவிடுகிறது. அதனால் வயிற்றோட்டம் உண்டாகிறது. அவற்றுக்குத் தூய நீரே போதுமானது.

மனிதர் உண்பன யாவும் இப்பிராணிகளுக்கு ஏற்றவையல்ல. வெங்காயமும் உள்ளியும், பச்சையாயினும் சமைத்தனவாயினும், இவற்றின் இரத்தத்திலுள்ள செவ்வணுக்களைச் சிதைக்கும். பூனைக்குத் தீங்கு இன்னும் அதிகம். ஆகவே, கறிக்குழம்பு ஊற்றிய சோற்றை அன்றாடம் வைப்பது நல்ல வழக்கமன்று. சொக்கலேற்றும், திராட்சைப் பழமும் அதன் வற்றலும் நாய்க்கு நஞ்சாகும். சமைத்த கோழியெலும்பு ஊசிபோலப் பிளந்து குடலைக் கிழிக்கக்கூடும். தோட்டத்திலே மலரும் கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கு மனிதருக்கும் விலங்குக்கும் ஒருங்கே கொடிய நஞ்சு என்பதையும் மறத்தலாகாது.

வயிற்றோட்டம் எல்லா வீடுகளிலும் காணப்படும் தொல்லை. வளர்ந்த நாயொன்று, சோர்வின்றி, இரத்தமின்றி ஓரிரு தடவை கழிந்ததாயின் வீட்டிலேயே கவனிக்கலாம். குழைய வேகவைத்த சோற்றில், உப்பும் உறைப்புமின்றி அவித்த கோழியிறைச்சியைச் சிறிது கலந்து, கொஞ்சங் கொஞ்சமாகப் பல தடவை கொடுத்தல் நன்று. குடிநீர் எப்போதும் அருகில் இருக்கவேண்டும். ஆனால், கழிச்சலில் இரத்தம் கலந்தாலும், வாந்தி நில்லாவிட்டாலும், குட்டி சோர்ந்து படுத்தாலும் கைமருந்தை நாடிப் பொழுது போக்கலாகாது. ‘பார்வோ’ என்னும் வைரசு நோய் குட்டிகளை இரண்டு மூன்று நாட்களிற் கொன்றுவிடும். ஆறு முதல் எட்டு வார வயதிலே தொடங்கி முறைப்படி போடப்படும் தடுப்பூசியே அதற்குத் தக்க காப்பு.

குட்டிகளின் வயிறு மட்டும் ஊதி, உடல் மெலிந்திருப்பதைக் கண்டு, ‘நன்றாகக் குடித்திருக்கிறது’ என்று மகிழ்வாரும் உளர். அது பெரும்பாலும் நாக்குப்புழுவின் வேலை. இப்புழு தாயின் கருப்பையிலேயே நாய்க்குட்டிகளுக்குத் தொற்றிவிடும். ஆதலால் இரண்டு வார வயதிலேயே பூச்சிமருந்து தொடங்கப்படுகிறது. கொக்கிப்புழு குட்டியின் இரத்தத்தை உறிஞ்சுவதோடு நில்லாது, மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலினுள்ளும் புகுந்து அரிப்பை உண்டாக்கும். நாய்க்குப் பூச்சிமருந்து கொடுத்தல் வீட்டுப் பிள்ளைகளையும் காக்கும் செயலாகும்.

அடுத்து, உண்ணியும் தெள்ளும். நாயின் உடம்பில் உள்ள உண்ணியைப் பிடுங்கி எறிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுதல் கூடாது. இரத்தம் குடித்து ஊதிய பெண் உண்ணி தானாகவே கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் வேலி ஓலையிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆகவே, நாய் படுக்கும் இடத்தைப் பெருக்கி, சாக்கையும் துணியையும் கொதிநீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்துதல் வேண்டும். உண்ணியைச் சிறு சாவணத்தால், தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்து எடுக்கவேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுதலும், தணலாற் சுடுதலும் நாயைத் துன்புறுத்துவன. அவை உண்ணியின் வாயிலுள்ள கிருமிகளை இன்னும் விரைவாக நாயின் இரத்தத்திற் கலக்கவும் இடந்தரலாம். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் உணவை வெறுக்கும், முரசு வெளிறும், சிறுநீர் தேயிலைச் சாயம்போலப் போகும். அப்பொழுது வைத்தியரே வேண்டும். தெள்ளோ தட்டைப்புழுவையும் கொண்டுவந்து சேர்க்கும். நாயின் அல்லது பூனையின் வாலடியில் அரிசிமணி போன்ற வெண்துண்டுகள் காணப்பட்டால் அது தட்டைப்புழு என்று அறிந்துகொள்க.

வேப்பிலை அவித்த நீரில் நாயைக் குளிப்பாட்டும் வழக்கம் நல்லதே. சிறு அரிப்பை அது தணிக்கும். ஆனால், முடி கொட்டித் தோல் தடித்துப் புண்ணாகும் சொறிநோய் வேப்பிலை நீருக்கு அடங்காது. அது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் தோலைக் குடைவதால் வருவது. மருந்து கொடுத்தால் மாறக்கூடியது. இந்நோய்க்கு வாகனங்களிலிருந்து வடித்த கழிவு எண்ணெயைப் பூசுதல் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. அவ்வெண்ணெயிலே நச்சு உலோகங்கள் கலந்துள்ளன. அது தோலை எரிக்கும்; நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் செல்லும். நோயால் இறவாத நாய் அந்த மருந்தால் இறப்பதுண்டு.

பூனையைப் பொறுத்தவரை, மேலே பூசுவதெல்லாம் உள்ளே கொடுப்பதற்குச் சமம். ஏனெனில், அது தன் உடம்பை நாள்தோறும் நக்கித் துப்புரவு செய்யும் பிராணி. நாய்க்கென விற்கப்படும் உண்ணி மருந்துகள் சிலவற்றிற் ‘பெர்மெத்திரின்’ என்னும் பொருள் உண்டு. நாய்க்குத் தீங்கு செய்யாத அப்பொருள் பூனையை வலிப்பு வரச்செய்து கொன்றுவிடும். கர்ப்பூரமும் அந்துருண்டையும் அவ்வாறே ஆபத்தானவை.

மாத்திரையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும் பரசிற்றமோல் பூனைக்குக் கொடிய நஞ்சு. மனிதரின் ஈரல் அம்மருந்தை ஒருவகைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து எளிதில் வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்த ஆற்றல் மிகக் குறைவு. ஆகையால் மருந்து நஞ்சாக மாறி இரத்தத்தைத் தாக்குகிறது. இரத்தம் கபில நிறமாகி உயிர்வாயுவைச் சுமக்கமுடியாது போகிறது. முகமும் பாதமும் வீங்குகின்றன. ஒரேயொரு மாத்திரை ஒரு பூனையின் உயிரைப் போக்கப் போதுமானது. நாய்க்கும் மனித மாத்திரையை வைத்தியர் சொல்லாமற் கொடுத்தல் தகாது.

கடுவன் பூனைக்கு வரும் ஓர் இடர் அடிக்கடி பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகிறது. பூனை அடிக்கடி போய்க் குந்தியிருந்து முக்குகிறது, கத்துகிறது, ஒன்றும் வெளியே வருவதில்லை. மலச்சிக்கல் என்றெண்ணி வீட்டார் ஆமணக்கெண்ணெய் பருக்குகின்றனர். உண்மையிலோ அதன் சிறுநீர்ப்பாதை அடைபட்டிருக்கும். சிறுநீர் தேங்கினால் ஓரிரு நாட்களில் உயிர் போய்விடும். அது ஒருநாளும் பொறுக்கத்தக்க நோயன்று.

காயங்களுக்குக் கைமருந்து பெரிதும் பயன்படும். அரை லீற்றர் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் ஒரு தட்டைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்தால், கண்ணீரின் உப்புச் செறிவை ஒத்த நீர் கிடைக்கும். அதனாற் புண்ணை ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை கழுவித் தூய துணியால் ஒற்றிவிடலாம். பீளை படிந்த கண்ணையும் அந்நீரில் நனைத்த பஞ்சாலே துடைக்கலாம். ஆனால், மனிதருக்கு எழுதிக்கொடுத்த கண்மருந்தை ஊற்றலாகாது. விழியிற் கீறல் இருப்பின் சில மருந்துகள் பார்வையையே கெடுத்துவிடும். நாயின் நாக்கு புண்ணை ஆற்றும் என்ற எண்ணமும் திருத்தப்படவேண்டியது. ஓயாது நக்குவதாற் புண் ஆழமாகிறது. தடித்த அட்டையைப் புனல்போல் வளைத்துக் கழுத்திற் கட்டிவிட்டால் நக்குவது தடுக்கப்படும்.

மழைக்காலத்தில் ஈ மொய்த்த புண்ணிற் புழு வைப்பதுண்டு. புழுவைக் கொல்லவென்று கர்ப்பூரப் பொடியும், சீத்தாப்பழ விதைப் பொடியும், பெற்றோலும் இடுவர். புழுவிற் சில செத்தாலும், எஞ்சியவை தசைக்குள்ளே மேலும் ஆழமாகச் செல்லும். புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் புண்ணை முழுதும் துப்புரவாக்குதலே முறை. அதற்கு நாயை மயக்கவும் நேரலாம். ஆகவே அது வைத்தியர் கையிற் செய்யப்படவேண்டியது. வீட்டார் செய்யத்தக்கது, சிறு காயத்தையும் ஈ அண்டாமற் காப்பது.

வெயிற்காலத்தில், நாய் மனிதரைப்போல உடம்பெங்கும் வியர்ப்பதில்லை என்பதை நினைவிற்கொள்ளல் வேண்டும். நாக்கை நீட்டி இரைத்தே அது தன் சூட்டைத் தணிக்கிறது. நிழலில்லாத இடத்திற் கட்டப்பட்ட நாயும், மூடிய வாகனத்துள் விடப்பட்ட நாயும் சிறிது நேரத்திலேயே வெப்பத்தால் மயங்கி வீழும். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, கிணற்று நீரை உடம்பெங்கும் ஊற்றி விசிறியவாறே வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும்.

இதுகாறும் கூறியவை பிராணியின் உயிரைப் பற்றியவை. மனித உயிரைப் பற்றியதொன்று எஞ்சியுள்ளது. அதுவே விசர்நாய்க்கடி. இலங்கையில் இந்நோயைத் தடுக்க 1893 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901 இல் வந்தது. அவ்வாறிருந்தும் 1973 ஆம் ஆண்டில் இந்நோயால் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்பட்டமையாலும், கடிபட்டோருக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகச் சிகிச்சை அளிக்கப்பட்டமையாலும், அண்மைய ஆண்டுகளில் இத்தொகை சில பத்துகளாகக் குறைந்துள்ளது. ஆயினும், இறக்கும் ஒவ்வொருவரும் இறந்திருக்கவேண்டிய தேவையில்லாதவர் என்பதே துயரமானது.

விசர்க்கிருமி நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் உள்ளது. கடித்த காயத்தின் வழியே புகுந்து, நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. இப்பயணத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் செல்லும். முகத்திலும் கையிலும் பட்ட கடியாயின் விரைவில் வந்துசேரும். மூளையை அடைந்து, நீரைக் கண்டு அஞ்சும் நிலை தோன்றியபின் காப்பாற்றத்தக்க மருந்து இல்லை. ஆனால், அந்த இடைக்காலத்திலே தடுப்பூசி போட்டால் கிருமி மூளையை அடையுமுன்னரே அழிக்கப்படுகிறது. 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆந் தேதி, விசர்நாய் கடித்த யோசேப்பு மைசுற்றர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாசுற்றர் தடுப்பூசி போட்டுக் காத்தது இந்த இடைக்காலத்தைப் பயன்படுத்தியே.

விசர் பிடித்த நாய் எப்பொழுதும் வாயில் நுரைதள்ளி ஓடித் திரியும் என்று எண்ணுதல் தவறு. சில நாய்கள் வெறிகொண்டு மரத்தையும் மண்ணையும் கடிக்கும். வேறு சில, இருட்டு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், விழுங்கமாட்டாது உமிழ்நீர் வடியும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று எண்ணி, வாய்க்குள்ளே கையை விட்டுப் பார்த்தவர் நோய்க்கு ஆளாகக்கூடும். பூனையும் கீரியும் நரியும் இந்நோயைப் பரப்பக்கூடியவை. பாற்பல் விழாத குட்டிக்கும் இந்நோய் இருக்கலாம்.

கடிபட்டவுடன் செய்யவேண்டியது, நேயர்களே, எந்த வீட்டிலும் செய்யக்கூடியது. ஓடும் நீரில், சவர்க்காரம் போட்டு, காயத்தைப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவவேண்டும். இக்கிருமியின் மேலுறையைச் சவர்க்காரம் கரைத்துவிடும்; கைமருந்துகள் யாவற்றிலும் தலைசிறந்தது இதுவே. பின்னர் ‘அயடின்’ போன்ற கிருமிநாசினி இருப்பின் தடவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், எண்ணெய் முதலியவற்றை அப்புதல் ஆகாது. கழுவி முடிந்ததும் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். தொப்புளைச் சுற்றிப் போட்ட பழைய ஊசிகளை எண்ணி இன்றும் அஞ்சுவோர் உளர். அம்முறை இப்பொழுது இல்லை; கையிலே போடப்படும் சில ஊசிகளோடு சிகிச்சை முடிந்துவிடும். கடித்த நாயைக் கொன்றுவிடாமற் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனித்தால் வைத்தியருக்கு அது பேருதவியாகும். எனினும், நாயைக் கவனித்துக்கொண்டு வைத்தியரிடம் போகாதிருத்தல் அறியாமையாகும்.

மந்திரித்தலும் விஷக்கல் வைத்தலும் சிலருக்குப் பலித்தனவே என்று கேட்கலாம். கடிக்கும் நாய்களிற் பெரும்பாலானவை விசர்நாய்களல்ல. விசர்நாய் கடித்த எல்லோருக்கும் நோய் வருவதுமில்லை. மந்திரியாமல் விட்டிருந்தாலும் அவர்கள் பிழைத்தே இருப்பர். பிழைத்தவர் மந்திரத்தின் புகழைப் பரப்புகின்றனர்; பிழையாதவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

இவ்விடத்திற் பெற்றோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிள்ளைகள் வழியிற் கண்ட குட்டியோடு விளையாடிக் கீறுப்பட்டால், வீட்டில் அடிவிழும் என்று அஞ்சி மறைத்துவிடுகின்றனர். சிறு கீறல் இரண்டு நாளில் ஆறிவிடும், எல்லாரும் மறந்துவிடுவர், இரண்டு மாதத்தின் பின் நோய் வெளிப்படும். ஆகையால், நாய் கடித்தால் உடனே சொல்லவேண்டும், சொன்னால் அடிவிழாது என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கூறிவைத்தல் வேண்டும். ஒரு வீட்டிலே பிள்ளையின் உயிரைக் காப்பது அந்த ஒரு வாக்குறுதியாகவும் இருக்கக்கூடும்.

ஓர் ஊரிலுள்ள நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டுவந்தால் அவ்வூரில் இந்நோய் பரவுவது நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2006 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டிலே தெருநாய்களைக் கொல்லும் முறை கைவிடப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையும் வழியாகக் கொள்ளப்பட்டுள்ளன. நாயும் பூனையும் ஏறத்தாழ ஒன்பது வாரமே கருச்சுமப்பவை. ஒரு சோடி சில ஆண்டுகளிற் பெருங்கூட்டமாகும். பெண்குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவருவோர், தம் வீட்டுச் சுமையை ஊரின் தலையில் ஏற்றுகின்றனர். அரசாங்க மிருக வைத்திய நிலையத்தில் விசாரித்து, உரிய காலத்திற் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் அப்பழி நேராது.

பராமரிப்பு என்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. நிழலுள்ள இடம், தூய நீர், உறைப்பில்லாத உணவு, கிழமைக்கொருமுறை காதையும் தோலையும் விரலிடுக்கையும் பார்த்தல், ஆண்டுக்கொருமுறை தடுப்பூசி ஆகிய இவ்வளவே. தன் நோவை வாய்விட்டுச் சொல்லமாட்டாத உயிரைப் பார்த்தறிந்து பேணும் பொறுப்பு, அதை வாசலில் ஏற்றுக்கொண்ட அன்றே வீட்டாருடையதாகிவிடுகிறது.